கண்மாய் அழியும் வாரம்

திங்கள்

நேற்று இரவு பல்லவன் ரயில் காரைக்குடியில் இறக்கிவிட்டபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அம்மான் நிலையத்துக்கு வந்திருந்தார். என் தோளில் தொங்கிய நீளமான குழாய்ப் பையைப் பார்த்துவிட்டு, "நாதஸ்வரம் கற்றுக்கொள்கிறாயா?" என்றார். உள்ளே இருந்தவை இரண்டு தூண்டில் கம்புகள். டொரண்டோவிலிருந்து சென்னை வரை விமானத்தில் ஒரு கீறல் இல்லாமல் வந்தவை. காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் வருவதற்குள் கார்க் கதவில் சிக்கி ஒன்றின் நுனி முறிந்துவிட்டது. கதவைச் சாத்தியது நான்தான் என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை.

இந்த முறை நான் ஊருக்கு வந்தது கல்யாணத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ இல்லை. பக்கத்துக் கிராமத்தில் கண்மாய் அழிகிறது. வெளியூர்க்காரர்கள் பதறவேண்டாம், யாரும் கண்மாயை மண் போட்டு மூடவில்லை. கோடையில் நீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும், மிச்சமிருக்கும் மீனைச் சுற்றுவட்டாரத்து மக்கள் இறங்கிப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஊரே திறந்துவிடும். அதற்குத்தான் அந்தப் பெயர். செய்தித்தாள்களில் மீன்பிடித் திருவிழா என்று போடுவார்கள். சிறுவயதில் ஒருமுறை அம்மானின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இறங்கியது இல்லை. புதன்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

எனக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்ற தைரியத்தில்தான் வந்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக ஒன்டாரியோ ஏரிக்கரையில் குடியிருப்பவன். கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் நண்பரின் படகில் சால்மனும் ட்ரவுட்டும் பிடிக்கப் போகிறவன். அந்த ஏரி ஏறக்குறைய 19,000 சதுர கிலோமீட்டர், நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். அந்தக் கடலில் மீன் பிடித்தவனுக்கு முழங்கால் நீர் எம்மாத்திரம்?

வெயிலைப் பற்றி எழுதப்போவதில்லை. அக்கினி நட்சத்திரம் நடக்கிறது, அவ்வளவுதான். ஆயா, என் அம்மாவின் அம்மா, மொட்டைமாடியில் வற்றலும் வடகமும் காயப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து காக்கை விரட்டுகிறார்கள். எண்பத்து நான்கு வயதில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரக் காவல்.

செவ்வாய்

விடியுமுன் அம்மானின் மொபெட்டில் கண்மாய்க்குப் போனோம். கரை நெடுகப் பனை. கரையின் வெளிப்பக்கம் அறுவடை முடிந்த வயல், உள்வாயில் கரம்பை மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் தண்ணீர், பால் அதிகமான தேநீர் நிறத்தில். மடையின் இரண்டு கல்தூண்களும் இடுப்பு வரை நீர் நின்ற கறையோடு தனியே நின்றன. உபரி நீர் வழியும் கலுங்கில் ஆடுகள் படுத்திருந்தன. போன கார்த்திகையில் இந்தக் கலுங்கு வழிந்து தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போனதாம். இன்று அதை நம்பச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை கொடுப்பதைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் வாழ்க்கை. வீட்டுக்கு முற்றம், ஊருக்கு ஊருணி, வயலுக்குக் கண்மாய். ஊருணியில் கால் வைத்தாலே பெரியவர்கள் கத்துவார்கள், அது குடிதண்ணீர். கண்மாயில் மாடு குளிக்கலாம், மனிதன் குளிக்கலாம், மீன் வளரலாம். மழை முடிந்ததும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுவார். மாசி பங்குனியில் வலை போட்டுப் பெரிய மீனை எல்லாம் எடுத்து விற்றுவிடுவார். அதற்குப் பிறகு தங்குவதுதான் ஊருக்கு. யாரும் விடாமலே வரத்துக்காலில் ஏறி வந்த விரால், கெளுத்தி, குறவை, ஆரால், அயிரை எல்லாமும் அதில் சேர்த்தி.

கரையில் உட்கார்ந்து, அம்மானுக்கு ட்ரோலிங் என்றால் என்ன என்று விளக்கினேன். படகை நங்கூரமிட்டு நிறுத்துவது இல்லை, மனிதன் நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருப்போம். மணிக்கு நான்கு கிலோமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே. பின்னால் தூண்டில்கள் இழுபட்டு வரும். கொக்கியில் புழு இல்லை, ஸ்பூன் என்று ஒரு தகடு. சற்றே வளைந்த, பளபளக்கும் மாவிலை மாதிரி. சரியான வேகத்தில் இழுத்தால் அது அடிபட்ட சின்ன மீனைப் போலத் தள்ளாடும். வேகம் கூடினால் பம்பரமாகச் சுற்றும், குறைந்தால் செத்துத் தொங்கும். வித்தை எல்லாம் அந்தத் தள்ளாட்டத்தில்தான்.

"மீன் எந்த ஆழத்தில் இருக்கும் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதைச் சொல்லும்போது எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. கோடையில் அந்த ஏரி இரண்டாகப் பிரிந்துவிடும். மேலே வெயிலில் சூடான தண்ணீர், கீழே ஐஸ் போன்ற கனத்த தண்ணீர். இரண்டுக்கும் நடுவே சில மீட்டருக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு. சினூக் சால்மனுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று டிகிரி வரைதான் சுகம், ஆகவே அந்த அடுக்கை ஒட்டித்தான் திரியும். காற்று திரும்பினால் அடுக்கும் சாயும். நேற்று இருபது மீட்டரில் இருந்த மீன் இன்று முப்பதில் இருக்கும். லேசான ஸ்பூன் தானாக அத்தனை ஆழம் இறங்காது. அதனால் டவுன்ரிக்கர் என்று ஓர் உருளை வைத்து, நாலரை கிலோ ஈயக் குண்டைக் கம்பியில் இறக்குவோம். தூண்டில் நரம்பை அந்தக் குண்டுக்கு மேல் ஒரு கிளிப்பில் மாட்டிவிடுவோம். மீன் கடித்ததும் கிளிப் விட்டுவிடும். வில்லாக வளைந்து நின்ற கம்பு விடுபட்டுத் துள்ளும். எங்கே மீன், எத்தனை அடி என்று சோனார் திரை காட்டிக்கொண்டே இருக்கும்.

அம்மான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீனைக் கண்டுபிடித்தது திரை. ஆழத்துக்குக் கொண்டுபோனது குண்டு. இழுத்தது படகு. நீ என்ன செய்தாய்?" என்றார்.

சுருட்டினேன் என்றேன். சிரிக்காமல் தலையாட்டினார். அவர் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

பேச்சை மாற்ற, சால்மன் அந்த ஏரிக்கே உரிய மீன் இல்லை என்று சொல்லிவைத்தேன். உரிய மீன் அட்லாண்டிக் சால்மன். ஆலைகளுக்காக ஓடைகளை அணை கட்டி மறித்தார்கள், காட்டை வெட்டினார்கள், அளவில்லாமல் பிடித்தார்கள், 1898 வாக்கில் அது அடியோடு போயிற்று. பிறகு கடலிலிருந்து வந்த ஏல்வைஃப் என்ற சிறுமீன் பெரிய ஏரிகளில் பெருகி, செத்துக் கரை ஒதுங்கி நாற ஆரம்பித்தது. அதைத் தின்ன ஆள் வேண்டுமென்று பசிபிக் கடற்கரையின் சால்மனைக் கொண்டுவந்தார்கள். மிச்சிகன் ஏரியில் 1966-ல் கோஹோ, 1967-ல் சினூக். ஒன்டாரியோ ஏரிக்கும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. இன்று நாங்கள் புகைப்படம் எடுத்துக்கொள்வது அந்த விருந்தாளியோடுதான்.

"நம் ஜிலேபிக் கெண்டை மாதிரி" என்றார் அம்மான். அதுவும் ஆப்பிரிக்க மீன், இந்தியாவுக்கு வந்தது 1952-ல். இன்று ஜிலேபி இல்லாத கண்மாயைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

புதன்

திருவிழா இல்லை. அதிகாலையில் அந்த ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். கண்மாய்க் கரை அய்யனாருக்கு மாலை கட்டி வைத்தவர்கள் அதைப் பிணத்துக்குப் போட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், உண்மையாகவும் இருக்கலாம். நாளைக்கு வைக்க முடியாது, துக்கம். நாளை மறுநாள் வெள்ளி, பாதி வீடுகளில் கவிச்சி அடுப்பில் ஏறாது. சனிக்கிழமை என்று முடிவாயிற்று. ஒன்டாரியோவில் அலை உயரம் ஒரு மீட்டரைத் தாண்டினால் படகை எடுக்கமாட்டோம். இங்கே நாளைத் தள்ளிவைக்கும் காரணங்கள் வேறு, தள்ளிவைத்ததும் வரும் சலிப்பு ஒன்றுதான்.

சும்மா இருக்க முடியாமல் ஊத்தா வாங்கப் போனேன். இரண்டு பக்கமும் திறந்த கூம்புக்கூடை, கீழ்வாய் அகலம், மேல்வாய் கை நுழையும் அளவு. மூங்கில் சிம்புகளை வளையம் வளையமாகக் கட்டியது. முடைபவர் என் உயரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தொங்கிய எட்டில் நான் காட்டியதை விட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். "குனிகிற உயரத்துக்கு ஏற்றது வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு இடுப்பு போய்விடும்" என்றார். 450 ரூபாய். என்னுடைய தூண்டில் ரீலின் விலையை அவரிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் சுற்றுலாப் பேருந்துகள் நின்றன. அந்தச் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள்.

வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அம்மானின் நண்பருக்குத் தோப்பில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீர் விட்டு மீன் வளர்க்கிறார், விராலும் உண்டு. விரால் வேட்டைமீன், தவளையையும் சின்ன மீனையும் பாய்ந்து பிடிப்பது. அப்படியானால் ஸ்பூனையும் பிடிக்கவேண்டும் அல்லவா? லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து, நடுவில் பலகை கட்டி உட்கார்ந்து, முறியாத கம்பைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டேன். டியூபை இழுக்கத் தோப்புக்காரர் மகன், ஒன்பதாம் வகுப்பு முடித்த பையன், கயிற்றோடு கரையில் நின்றான். வேகம் சொல்வது என் பொறுப்பு.

செட்டிநாட்டின் முதல் ட்ரோலிங் பயணம் கால் மணி நேரம் நீடித்தது. முதல் சுற்றில் தாமரைத்தண்டு. இரண்டாம் சுற்றில் பெரிய தாமரைத்தண்டு. "கொஞ்சம் வேகம்" என்றேன், பையன் ஓடினான், ஸ்பூன் பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிட்டது. "மெல்ல" என்றேன், அடிச்சேற்றில் புதைந்தது. நான்காம் சுற்றில் கம்பு நிஜமாகவே வளைந்தது. ஒரு கணம், ஒரே கணம், நான் ஏரியில் இருந்தேன். பிறகு தண்ணீர் வெடித்தது, ஒரு கரும்பழுப்பு முதுகு புரண்டது, நரம்பு தொய்ந்தது. எட்டிப் பிடிக்கத் திரும்பியதில் டியூப் கவிழ்ந்தது.

நெஞ்சளவு நீர்தான். கரையேறியபோது பையன், "மாமா, அது ஆள் நடமாட்டத்துக்கு அந்தத் தட்டைப்புல் அடியில் போய் இருக்கும். இப்போது மூச்சுக்கு மேலே வரும், பாருங்கள்" என்றான். பார்த்தேன். சில நிமிடத்தில் புல் ஓரம் ஒரு குமிழி, ஒரு மூக்கு. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றைக் குடித்தே ஆகவேண்டும். ஆயிரம் டாலர் சோனாரில் நான் தேடுகிற தகவலை இந்த மீன் தானே மேலே வந்து சொல்லிவிட்டுப் போகிறது.

பையன் மூங்கில் கழியில் ஒரு தவளையைக் கோத்து அந்தப் புல் ஓரம் தட்டித் தட்டி விட்டான். இருபது நிமிடத்தில் முக்கால் கிலோ விரால். கொஞ்சம் தள்ளிச் செம்புள்ளிகளாக ஒரு கூட்டம் நீர்மட்டத்தில் அலைந்தது. அங்கே மட்டும் தவளையைக் கொண்டுபோகவில்லை. விரால் பார்ப்பு, தாயும் தகப்பனும் கீழே காவலுக்கு நிற்கும் என்றான். அதைப் பிடித்தால் குஞ்செல்லாம் ஜிலேபிக்கு இரையாகிவிடுமாம். ஒன்டாரியோவில் இத்தனை மீன்தான் எடுக்கலாம் என்பதற்கு உரிமச் சீட்டும் அதிகாரியும் உண்டு.

இரவு அம்மானிடம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் சாப்பிடும்போது, "தண்ணீர் சூடாக இருந்ததா?" என்று கேட்டார்.

வெள்ளி

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போய்வந்தோம். பறவைகள் இல்லை, அவற்றின் பருவம் மழைக்குப் பிறகு. கூடு கட்டிய மரங்கள் மட்டும் எச்சம் வெளுத்து நின்றன. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி இங்கேதான். வீட்டில் இன்று சாம்பார்.

சனி

ஐந்து மணிக்குப் போய்விட்டோம், அப்படியும் தாமதம். கரை முழுவதும் தலைகள். சரக்கு ஆட்டோவில், சைக்கிளில், நடந்து. ஊத்தா, கச்சா, வீச்சுவலை, அரிகூடை, ஒன்றுமில்லாதவர்கள் கொசுவலை, பழைய சேலை. ஒரு பாட்டி ஈயச்சட்டியோடு வந்திருந்தார்கள். பாதிப் பேர் வேற்றூர்க்காரர்கள். யாரையும் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை பேர் இருந்தும் ஒருவர் காலும் தண்ணீரில் இல்லை.

அய்யனாருக்குச் சூடம் காட்டினார்கள். ஊர்ப் பெரியவர் மடைத்தூண் பக்கம் ஏறி நின்று வெள்ளைத் துண்டை எடுத்தார். அதை அவர் வீசியதை நான் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் கரை காலியாகிவிட்டது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் தண்ணீரை மிதிக்கும் சத்தம், அதன் மேல் ஒரு கூச்சல். ஐந்தே நிமிடத்தில் தேநீர் சேறாகிவிட்டது. அதுதான் உத்தி என்பது அப்புறம் புரிந்தது. கலங்கலில் மூச்சுத் திணறி மீன் மேலே வருகிறது. ஏரியில் நாங்கள் மீனுக்குப் பிடித்த தண்ணீரைத் தேடி அலைகிறோம். இங்கே மீனுக்குப் பிடிக்காத தண்ணீரை ஊர் கூடி உண்டாக்குகிறார்கள்.

நான் ஊத்தாவைத் தூக்கித் தூக்கிக் குத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி குத்தினேன். பக்கத்தில் ஓர் ஆள் நான் நான்கு முறை குத்தும் நேரத்தில் ஒருமுறை குத்தினார். குத்தியதும் அசையாமல் நின்றார். பிறகுதான் கையை விட்டார். "சிம்பில் தட்டும் அண்ணே, கேளுங்கள்" என்றார். கேட்பது என்றால் காதால் இல்லை. உள்ளே மாட்டிய மீன் வெளியேற முட்டும்போது அந்த அதிர்வு மூங்கில் வழியே உள்ளங்கைக்கு வருகிறது. முதல்முறை அதை உணர்ந்தபோது சிலிர்த்துவிட்டது. கிளிப் விடுபட்டுக் கம்பு துள்ளும் அதே கணம், இருபது மீட்டர் நரம்பு இல்லாமல்.

கையை விட்டேன். சேறு, சேறு, பிறகு வழவழப்பாக ஓர் உடம்பு. ஜிலேபி, உள்ளங்கை அகலம். அடுத்த அரைமணி நேரத்தில் இன்னும் மூன்று. ஐந்தாவது கெளுத்தி. அதன் பக்கமுள் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கியதும் நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேர் பாம்பு என்று நினைத்து ஓடிவந்தார்கள். தோள் வரை கடுத்தது. அப்படியும் கெளுத்தியை விடவில்லை, இதைப் பதிவு செய்து வைக்கிறேன்.

பிறகு விரால். ஊத்தாவுக்குள் அது முட்டியது சாதாரண முட்டாக இல்லை, கூடையே நகர்ந்தது. முழு எடையையும் போட்டு அழுத்தினேன். அசையாமல் நின்றேன். சொன்னபடி எல்லாம் செய்தேன். கையை விடக் குனிந்தபோது, என் முகத்துக்கும் மேல்வாய்க்கும் நடுவே ஒன்று பாய்ந்து போயிற்று. பின்னால் கொசுவலை பிடித்து நின்ற ஓர் அம்மாள் வலையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

நான் வாய் திறக்குமுன் அந்த அம்மாளே சொல்லிவிட்டார்கள்: "தம்பி, கண்மாய்க்குள் உன் மீன், என் மீன் என்று கிடையாது. கைக்கு வந்ததுதான் கணக்கு."

எட்டரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. இந்த மீனை விற்கக்கூடாது, ஆக்கிச் சாப்பிட வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். கண்மாய் அழித்தால் மழை வரும் என்றும் நம்பிக்கை. கரையில் சிறுவர்கள் எண்ணி எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கிடைக்காத ஈயச்சட்டிப் பாட்டிக்கு ஆளுக்கொன்றாகப் போட்டதில் என்னுடைய ஜிலேபியும் ஒன்று போயிற்று. மிச்சம் மூன்று ஜிலேபி, ஒரு கெளுத்தி. அம்மான் பையைத் திறந்து பார்த்தார். "ம்" என்றார். மொபெட்டைக் கிளப்பிய பிறகு, "எல்லாம் கையால் பிடித்ததா?" என்றார். வீங்கிய கையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

வீட்டில் ஆயா அந்த இடத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு, மீனைச் சாம்பல் போட்டு உரச உட்கார்ந்துவிட்டார்கள்.

ஞாயிறு

நேற்று வைத்த குழம்பு இன்றுதான் குழம்பாகியிருக்கிறது. சின்ன வெங்காயமும் பூண்டும் மாங்காயும் புளியும் ஓர் இரவு மண்சட்டியில் பேசி முடித்திருக்கின்றன. சால்மனை நான் எலுமிச்சையும் மிளகும் தடவி அடுப்பில் சுடுவேன், அதற்கு அது போதும். கண்மாய் மீனின் சேற்று வாடையை அடக்க இவ்வளவு ஆட்கள் வேண்டும். மூன்று ஜிலேபியில் ஆறு பேர் சாப்பிட்டோம். கெளுத்தியை யாருக்கும் கொடுக்கவில்லை.

நாளை விடிகாலை பல்லவன். பெட்டி கட்டும்போது ஸ்பூன் டப்பாவை ஆயா எட்டிப் பார்த்தார்கள். பச்சையும் வெள்ளியும் கலந்த ஒன்றை எடுத்து, "இந்தக் கரண்டியை வைத்துவிட்டுப் போகிறாயா?" என்றார்கள். எதற்கு என்று கேட்காமல் கொக்கிகளைக் கழற்றிக் கொடுத்தேன்.

சாயங்காலம் மாடிக்குப் போனால், வற்றல் காயும் பாயின் மேலே கொடிக்கயிற்றில் ஸ்பூன் தொங்குகிறது. என்னுடைய தூண்டில் நரம்பையே வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் வெயில் பட்டு மின்னி, மறுபக்கம் திரும்பி, தள்ளாடிக்கொண்டிருந்தது. சுற்றவும் இல்லை, செத்துத் தொங்கவும் இல்லை. காற்று மணிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும். கைப்பிடிச் சுவரில் மூன்று காக்கைகள் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தன, ஒன்றும் பாய்க்கு வரவில்லை. ஆயா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.